தடுப்பூசிக்குச் சாட்சியம் கூறிய தோமஸ் பிரான்சிஸ்

தடுப்பூசி வரலாற்றில் புகழ் யாவும் கண்டுபிடித்தவரையே சென்றடைகின்றது. பெரியம்மைக்கு ஜென்னர், விசர்நாய்க்கடிக்குப் பாஸ்ரர், போலியோவுக்கு ஜோனாஸ் சால்க் என்று பாடசாலை மாணவர்களும் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். ஆனால், ஒரு தடுப்பூசி உண்மையில் பயன்தருகின்றதா என்று சோதித்து அதற்குச் சார்பாகவோ எதிராகவோ சாட்சியம் கூறுபவரின் பெயர் பாடப்புத்தகத்தில் இடம்பெறுவதில்லை. 2021ஆம் ஆண்டில் கொவிட் தடுப்பூசிக்காக நீண்ட வரிசைகளில் காத்து நின்ற எம்மவர்கள், ஊசியின் பெயரோடு அதன் பயன் வீதத்தையும் சேர்த்தே பேசிக் கொண்டார்கள். அந்த வீதம் எங்கிருந்து வருகின்றது, அதனை எவர் நிர்ணயிக்கின்றார், அவரை நம்பலாமா என்ற கேள்விகள் அன்று எழுந்தன. அக்கேள்விகளுக்கு முதன்முதலில் பெருமளவில் விடை தேடியவர், அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் தொற்றுநோயியலாளருமான டொக்டர் தோமஸ் பிரான்சிஸ் ஆவார். இன்புளுவென்சா ஆராய்ச்சியில் அவரது பெயரைத் தவிர்த்து எவரும் வரலாறு எழுத முடியாது. சால்க்கின் ஆசான் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

1900ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி இந்தியானா மாநிலத்தின் காஸ் சிற்றி என்னும் சிறு பட்டினத்திலே பிரான்சிஸ் பிறந்தார். தந்தையார் எஃகு ஆலைத் தொழிலாளி. மெதடிஸ்த திருச்சபையில் போதகப் பணியும் ஆற்றியவர். குடும்பம் பின்னர் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை புலமைப்பரிசிலின் துணையுடன் அலெகெனி கல்லூரியிற் பயின்று 1921இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1925ஆம் ஆண்டு மருத்துவப் பட்டத்தையும் பெற்றுக்கொண்டார். தனிப்பட்ட மருத்துவத் தொழிலில் அவரது மனம் ஈடுபடவில்லை. நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வைத்தியசாலையில், நியூமோனியா நோயை ஆராய்ந்து கொண்டிருந்த குழுவில் இணைந்தார்.

பென்சிலின் இன்னும் பாவனைக்கு வராத காலம் அது. நியூமோனியா கண்டவர்களுள் எவர் பிழைப்பார், எவர் மாள்வார் என்பதை வைத்தியர்களால் பெரும்பாலும் பார்த்துக் கொண்டிருக்கவே முடிந்தது. அந்நோயாளிகளின் குருதியை ஆராய்ந்த பிரான்சிசும் அவரது சகாவான வில்லியம் ரிலற்றும் 1930ஆம் ஆண்டில் ஒரு விந்தையைக் கண்டார்கள். நியூமோனியா கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒருவகைப் பொருளோடு, நோய் முற்றிய வேளையில் எடுத்த குருதிப்பாயம் வினைபுரிந்தது. நோய் தணிந்ததும் அந்த இயல்பு மறைந்து போயிற்று. இன்று காய்ச்சலுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் எவருக்கும் சீ.ஆர்.பி. என்றொரு குருதிப் பரிசோதனை எழுதிக் கொடுக்கப்படுகின்றதே, அதன் பிறப்பிடம் இந்த அவதானிப்புத்தான். இது அவரது பிரதான துறையும் அன்று. இவ்வளவு பெரிய விடயம் வாழ்க்கை வரலாற்றில் ஓர் ஓரக் குறிப்பாகி விடுமளவுக்கு அவரது பிற்காலப் பணி விரிந்தது.

1918ஆம் ஆண்டின் பெருந்தொற்று உலகெங்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் காவு கொண்டது. இலங்கையும் இந்தியாவும் அதிற் பெரும் இழப்பைச் சந்தித்தன. எனினும் அதற்குக் காரணமான கிருமி எதுவென்பது ஒன்றரைத் தசாப்தம் வரை அறியப்படாமலே இருந்தது. பக்றீரியா ஒன்றின் மீது பழி சுமத்தப்பட்டு, அதற்கெதிரான ஊசிகள்கூடத் தயாரிக்கப்பட்டன, பலன் ஏதுமில்லை. 1931ஆம் ஆண்டில் றிச்சட் ஷோப் என்பவர் பன்றிகளைத் தாக்கும் இன்புளுவென்சா ஒரு வைரஸினால் உண்டாவதைக் காட்டினார். 1933ஆம் ஆண்டில் இலண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்தோபர் அன்றூஸ், பற்றிக் லெயிட்லோ ஆகிய மூவரும், நோயாளரின் தொண்டை கழுவிய நீரைப் பெரற் எனப்படும் கீரி போன்ற விலங்கின் மூக்கினுட் செலுத்தி மனித வைரஸைப் பிரித்தெடுத்தனர்.

அதனை அமெரிக்காவில் முதலிற் செய்து காட்டியவர் பிரான்சிஸ். 1934ஆம் ஆண்டில் கரிபியன் தீவான புவேர்ட்டோ றிக்கோவில் இன்புளுவென்சா பரவியபோது, அங்குள்ள நோயாளரிடமிருந்து பெறப்பட்ட மாதிரிகள் நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டன. அவற்றிலிருந்து அவர் பிரித்தெடுத்த வைரஸ், தீவின் பெயரின் முதலெழுத்துகளோடு 8 என்ற இலக்கத்தையும் சேர்த்து பீ.ஆர்.8 என்று பெயர் பெற்றது. பெரற்றில் மட்டுமன்றிச் சுண்டெலியிலும் அது வளர்ந்தது. சுண்டெலி மலிவானது, வளர்ப்பதற்கும் இலகுவானது. அதன் பின்னர் ஆராய்ச்சியின் வேகம் பன்மடங்காகியது. 1936ஆம் ஆண்டளவில் பிரான்சிசும் தோமஸ் மகிலும், வெவ்வேறு இடங்களிற் பெறப்பட்ட வைரஸ்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பினும் முற்றிலும் ஒன்றல்ல என்பதைக் கண்டறிந்தனர். ஒருமுறை இன்புளுவென்சா வந்தவருக்கு மீண்டும் வருவது ஏன் என்ற பழைய புதிரின் முதல் முடிச்சு அங்கே அவிழ்ந்தது. 1940இல் பிரான்சிஸ் முற்றிலும் வேறான இன்னொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். மகிலும் தனித்து அதனைக் கண்டிருந்தார். முதலாவது ஏ எனவும் இரண்டாவது பீ எனவும் பெயரிடப்பட்டன. அந்தப் பாகுபாடே இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

1938இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகியிருந்த அவர், 1941ஆம் ஆண்டில் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரக் கல்லூரிக்குச் சென்று, தொற்றுநோயியல் துறைக்குத் தலைமை ஏற்றார். அதே ஆண்டு அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. முதலாம் உலக மகாயுத்தத்தின்போது பல்லாயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்களை இன்புளுவென்சா கொன்றொழித்ததை இராணுவத் தலைமை மறக்கவில்லை. அது மீண்டும் நிகழலாகாது என்பதற்காக இராணுவம் ஓர் இன்புளுவென்சா ஆணைக்குழுவை அமைத்து, பிரான்சிசைப் பணிப்பாளராக்கியது. அவரிடம் நியூயோர்க்கில் மாணவராயிருந்த இளம் வைத்தியர் ஜோனாஸ் சால்க் 1942இல் ஆன் ஆர்பருக்கு வந்து சேர்ந்தார்.

தடுப்பூசி தயாரிக்கும் முறை சொல்வதற்கு எளிது. கருக்கொண்ட கோழிமுட்டைகளுக்குள் வைரஸை வளர்த்து, அந்நீரை எடுத்துச் செறிவாக்கி, போர்மலின் இட்டு வைரஸின் உயிர்ப்பை அழித்து விடுவது. கொல்லப்பட்ட வைரஸினால் நோயை உண்டாக்க இயலாது; ஆனால் உடல் அதனை அந்நியப் பொருளாக இனங்கண்டு பிறபொருளெதிரிகளைச் சுரக்கும். கடினமான பகுதி, அதனால் மனிதர் காப்பாற்றப்படுகின்றனர் என்பதை நிறுவுவதேயாகும். 1943ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பல்கலைக்கழகங்களிற் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்த சுமார் 12,500 படையினர் தெரிவு செய்யப்பட்டனர். ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குத் தடுப்பூசியும், எஞ்சியோருக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் ஏற்றப்பட்டன. சில வாரங்களில் ஏ வகை இன்புளுவென்சா நாடெங்கும் பரவியது. தடுப்பூசி பெற்றவர்களில் 100க்கு ஏறத்தாழ 2 பேரும், பெறாதவர்களில் 100க்கு ஏறத்தாழ 7 பேரும் நோயுற்றனர். இன்புளுவென்சா தடுப்பூசி பயன்தரும் என்பதற்கு இதுவே முதலாவது வலுவான ஆதாரம். 1945இல் பீ வகை பரவியபோது, தடுப்பூசி ஏற்றிக்கொண்ட இராணுவப் பயிலுநர்கள் தப்பித்துக் கொள்ள, அதே மிச்சிகன் வளாகத்தில் அதனைப் பெறாத கடற்படைப் பயிலுநர்கள் நோயிற் படுத்தனர். 1946இல் சுதந்திரப் பதக்கமும் 1947இல் லாஸ்கர் விருதும் பிரான்சிசுக்குக் கிடைத்தன.

இக்காலப் பகுதியிலே அவரது பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு கறையையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. மிச்சிகனிலுள்ள யிப்சிலாண்டி அரச மனநல வைத்தியசாலை முதலிய இடங்களில் நோயாளர்களுக்குப் பரீட்சார்த்தத் தடுப்பூசி ஏற்றப்பட்டு, சில மாதங்களின் பின்னர் அவர்கள் வேண்டுமென்றே வைரஸுக்கு உட்படுத்தப்பட்டனர். சால்க்கும் பிரான்சிசும் அந்த ஆய்வறிக்கைகளின் இணை ஆசிரியர்கள். தமது உடலில் தோன்றும் நோய்க்குறிகளையே சரிவரச் சொல்ல இயலாத மனிதர்கள், எதற்கு உடன்படுகின்றோம் என்பதை எவ்வாறு விளங்கியிருப்பர்? யுத்தகால அவசரம் என்றும், அக்காலத்தில் அமெரிக்காவிற் பலரும் சிறைகளிலும் காப்பகங்களிலும் இவ்வாறே செய்தனர் என்றும் சிலர் சமாதானம் கூறுவர். பின்னைய கூற்று உண்மையே. அதனால் குற்றத்தின் பாரம் குறைந்துவிடும் என்று நாம் கருதவில்லை. எண்களின் விடயத்தில் அணுவளவும் விட்டுக் கொடுக்காத ஒருவர், அந்த எண்களுக்குப் பின்னாலிருந்த மனிதர்களின் சம்மதத்தில் அத்துணைக் கவனம் செலுத்தாது போனமை அவரது வாழ்வின் முரண்பாடாகும்.

எண்களில் அவர் காட்டிய நேர்மைக்கு 1947ஆம் ஆண்டு சோதனையாக வந்தது. தடுப்பூசி பொதுமக்களின் பாவனைக்கும் வந்து விட்டது. விருதுகளும் கிடைத்து விட்டன. அவ்வாண்டு மீண்டும் இன்புளுவென்சா பரவியபோது, அவரது சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே தடுப்பூசி ஏற்றியிருந்த 10 ஆயிரத்துக்கும் அதிகமானோரில் 100க்கு 7 பேர் நோயுற்றனர். ஏற்றாதவர்களில் 100க்கு 8 பேர். வேறுபாடு இல்லையென்றே கூறலாம். பிரான்சிசும் சால்க்கும் உடன் பணியாற்றியோரும் அந்தத் தோல்வியை அவ்வாண்டிலேயே முழு எண்களுடன் வெளியிட்டார்கள். தமது வெற்றிக்கு ஆதாரம் காட்டிய அதே வளாகத்திலிருந்து தோல்விக்கும் ஆதாரம் காட்டினார்கள். காரணமும் கண்டறியப்பட்டது. வைரஸ் உருமாறி விட்டது. ஊசியிலிருந்ததோ பழைய வைரஸ்.

ஹஜ் யாத்திரைக்குச் செல்வோருக்கும், முதியோருக்கும், கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கப்படும் இன்புளுவென்சா தடுப்பூசியை ஏன் வருடந்தோறும் ஏற்ற வேண்டியுள்ளது என்று கேட்பவர்கள் உளர். போலியோவுக்கும் சின்னமுத்துக்கும் சிறுவயதில் ஏற்றிய ஊசி ஆயுளுக்கும் போதுமாயிருக்க, இது மட்டும் ஏன் இப்படி என்பது நியாயமான வினா. அதற்கான விடையின் பெரும்பகுதி 1947ஆம் ஆண்டு அனுபவத்திலே அடங்கியிருக்கின்றது. மாறிக்கொண்டிருக்கும் எதிரியை உலகெங்கும் கண்காணிக்க வேண்டும் என்ற தெளிவு அப்போது பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் 1952இல் அதற்கென ஓர் ஆய்வுகூட வலையமைப்பை உருவாக்கியது. இன்று ஆண்டுக்கு இரு தடவைகள், வடகோளத்துக்கும் தென்கோளத்துக்கும் தனித்தனியாக, தடுப்பூசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என அந்நிறுவனம் பரிந்துரைக்கின்றது. பிரான்சிஸ் கண்டறிந்த பீ வகையின் இரு கிளைகளில் ஒன்றான யமகாட்டா, 2020 மார்ச்சுக்குப் பின்னர் உறுதியாக எங்கும் இனங்காணப்படவில்லை. அதனால் அது தடுப்பூசியிலிருந்து நீக்கப்பட்டு வருகின்றது.

சால்க் 1947இல் பிற்ஸ்பேர்க் நகருக்குச் சென்றார். குருவிடம் கற்ற வித்தையை, அதாவது வைரஸைப் போர்மலினாற் கொன்று ஊசியாக்கும் முறையை, போலியோவிற் பிரயோகித்தார். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரைப் போலியோ தாக்கியது. 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடை வந்தால் நீச்சல் தடாகங்களும் திரையரங்குகளும் வெறிச்சோடின. பெற்றோரின் பீதி சொல்லுந்தரமன்று. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938இல் தொடக்கி வைத்த தேசிய இளம்பிள்ளைவாத மன்றம், மக்கள் அள்ளிக் கொடுத்த சில்லறைக் காசுகளைத் திரட்டிச் சால்க்கின் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. தடுப்பூசி தயாரானதும் அதைச் சோதிக்க ஒரு நடுவர் தேவைப்பட்டார். மன்றம் பிரான்சிசை நாடியது.

அவரை ஏற்பதிலும் சங்கடம் இருந்தது. தடுப்பூசியை ஆக்கியவர் அவரது மாணாக்கர். பணம் கொடுப்பது அத்தடுப்பூசி வெற்றி பெற வேண்டுமென்று துடித்துக் கொண்டிருந்த மன்றம். இவை இரண்டையும் பிரான்சிஸ் நன்கறிவார். ஆகவே நிபந்தனைகளை விதித்தார். மதிப்பீடு முழுவதும் தமது பொறுப்பிலேயே ஆன் ஆர்பரில் நடைபெற வேண்டும். மன்றமோ சால்க்கோ அதிற் தலையிடலாகாது. முழுக் கணிப்பும் முடியும்வரை ஓர் எண்ணும் வெளிவரலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று: ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கேனும் வெற்று ஊசி ஏற்றி ஒப்பிட வேண்டும் என்பதாகும்.

மன்றத்தின் முதலாவது திட்டம் வேறாக இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசி ஏற்றிவிட்டு, முதலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சும்மா கவனித்து ஒப்பிடுவதென அது எண்ணியது. வெற்று ஊசி என்ற யோசனைக்குச் சால்க்கின் மனம் ஒப்பவில்லை. காப்பாற்றக்கூடிய மருந்து கையிலிருக்க, பிள்ளைக்கு வெறும் நீரை ஏற்றுவதா என்பது அவரது வேதனை. அதனை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. வெற்று ஊசி பெற்ற பிள்ளைகளில் நோயுற்றவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆயினும் பல மாநிலங்களின் சுகாதார அதிகாரிகளும் பிரான்சிசின் பக்கமே நின்றனர். இறுதியில் சில மாவட்டங்களில் மன்றத்தின் முறையும், ஏனையவற்றில் வெற்று ஊசி முறையும் என்று இணக்கம் காணப்பட்டது. வெற்று ஊசி மாவட்டங்களில் எந்தப் போத்தலில் மருந்து, எதில் வெற்று நீர் என்பதை ஊசி ஏற்றிய தாதியும் அறியார், நோயைப் பரிசோதித்த வைத்தியரும் அறியார், பெற்றோரும் அறியார். இரகசிய இலக்கங்கள் ஆன் ஆர்பரில் இருந்தன.

இவ்வாறு எழுந்தமானமாகப் பிரித்து ஒப்பிடும் முறையைப் பிரான்சிஸ் கண்டுபிடிக்கவில்லை. சயரோகத்துக்கான ஸ்ரெப்ரோமைசின் மருந்தை பிரித்தானியர் அம்முறையிற் சோதித்து 1948இல் முடிவை வெளியிட்டிருந்தனர். ஆனால் அது நூறு பேரளவில் நடந்த சோதனை. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி வேர்ஜீனியாவின் பாடசாலையொன்றில் தொடங்கிய போலியோ சோதனையில் பங்குகொண்ட பிள்ளைகள் 18 இலட்சம் பேர். ஐந்து வார காலத்துள் மூன்று ஊசிகள். பல்லாயிரம் பிள்ளைகளிடமிருந்து குருதி மாதிரிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதிவு. கணினி யுகம் பிறந்திராத அந்நாளில் இவையனைத்தும் துளையிட்ட அட்டைகளிற் பதியப்பட்டு எண்ணப்பட்டன.

முடிவுகளில் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. வெற்று ஊசி மாவட்டங்களில், தடுப்பூசி பெற்ற சுமார் 2 இலட்சம் பிள்ளைகளில் பக்கவாதப் போலியோ கண்டவர்கள் 33 பேர். வெற்று ஊசி பெற்ற அதேயளவு பிள்ளைகளில் 115 பேர். இலட்சத்துக்கு 16 எனவும் 57 எனவும் இதனைக் கூறலாம். எந்த ஊசிக்கும் பெற்றோர் சம்மதியாத பிள்ளைகளில் இவ்வீதம் என்ன? இலட்சத்துக்கு 36 மாத்திரமே. எதுவுமே பெறாத பிள்ளைகள், வெற்று நீர் பெற்ற பிள்ளைகளை விடக் குறைவாக நோயுற்றது எப்படி? நீரில் நஞ்சா இருந்தது? இல்லை. போலியோ வசதி படைத்த வீடுகளையே கூடுதலாகத் தாக்கிய நோய். நெருக்கமும் சுகாதாரக் குறைவும் உள்ள இடங்களிற் பிள்ளைகள், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி நீங்கு முன்னரே வைரஸை எதிர்கொண்டு பெரும் பாதிப்பின்றிப் பாதுகாப்புப் பெற்று விடுகின்றனர்; சுத்தமான சூழலில் வளர்ந்த பிள்ளையை அது காலந்தாழ்த்தித் தாக்கி முடமாக்குகின்றது. சோதனைக்கு முன்வந்து சம்மதம் கொடுத்தவர்களோ பெரும்பாலும் கற்ற, வசதியுள்ள பெற்றோர். ஊசி பெற்றவரையும் பெற விரும்பாதவரையும் நேரடியாக ஒப்பிட்டிருந்தால், தடுப்பூசியின் பயன் உண்மையிலும் மிகக் குறைவாகவே தோன்றியிருக்கும். தொற்று குறைவாயிருந்த ஓர் ஆண்டாயின், பயனே இல்லையென்றும் முடிவு செய்திருப்பர். பிரான்சிசின் பிடிவாதம் வெறும் சட்டம்பித்தனமன்று என்பது இந்த மூன்று எண்களால் விளங்கும்.

ஏறத்தாழ ஓராண்டு காலம் அவர் வாய் திறக்கவில்லை. பத்திரிகைகள் நச்சரித்தன. மன்றம், முடிவு வருமுன்னரே, மில்லியன் கணக்கான டொலருக்குத் தடுப்பூசி தயாரிக்கக் கம்பனிகளுடன் உடன்பட்டுவிட்டுக் காத்திருந்தது. சால்க்குக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. பத்திரிகைத் துறையில் இருப்போர் இவ்வாறான மௌனத்தைச் சபிப்பதே வழமை. எனினும் இந்த மௌனத்துக்கு மட்டும் நாமும் தலைவணங்கத்தான் வேண்டும்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, ரூஸ்வெல்ட் இறந்த பத்தாம் ஆண்டு நிறைவன்று, மிச்சிகன் பல்கலைக்கழக மண்டபத்தில் பிரான்சிஸ் தமது அறிக்கையை வாசித்தார். ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாக, ஏற்ற இறக்கமின்றி, அட்டவணை அட்டவணையாக வாசித்தார். பக்கவாதப் போலியோவைத் தடுப்பதில் தடுப்பூசி 80 முதல் 90 வீதம் வரை பயனுடையது. வைரஸின் முதலாம் வகைக்கெதிராக 60 முதல் 70 வீதமே என்பது அதன் சாரம். வெளியே பத்திரிகையாளர்களோ அறிக்கையின் பிரதிக்காக முண்டியடித்தனர். ஆலய மணிகள் ஒலித்தன. தொழிற்சாலைகளில் ஒரு நிமிடம் வேலை நிறுத்தப்பட்டது. பின்னர் பேச எழுந்த சால்க், இப்போதுள்ள ஊசி திருத்தப்பட்டிருப்பதால் நூறு வீதப் பயனும் எதிர்பார்க்கலாம் என்ற கருத்துப்படப் பேசினார். அன்று சாட்சியத்தில் இடம்பெறாத அந்த எண்ணைக் கேட்டுப் பிரான்சிஸ் மாணாக்கர் மீது சினங்கொண்டார்.

அன்று மாலையே, சில மணி நேர ஆலோசனையின் பின்னர் அரசாங்கம் தடுப்பூசிக்கு அனுமதி வழங்கிற்று. அந்த அவசரத்தின் விலை இரண்டு வாரங்களிற் தெரிந்தது. கலிபோர்னியாவின் கட்டர் ஆய்வுகூடங்கள் என்ற கம்பனி தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முற்றாகக் கொல்லப்படாதிருந்தது. பிள்ளைகளும் அவர்களிடமிருந்து தொற்றியோருமாகச் சுமார் 200 பேர் பக்கவாதமுற்றனர். 10 பேர் இறந்தனர். பிரான்சிசின் மதிப்பீடு பொய்த்ததா? பொய்க்கவில்லை. அவர் சோதித்த தொகுதிகள், தயாரித்த கம்பனி, சால்க்கின் ஆய்வுகூடம், அரச ஆய்வுகூடம் என மும்முறை பரிசோதிக்கப்பட்டவை. அனுமதி கிடைத்ததும் அந்த மும்மடிப் பரிசோதனை கைவிடப்பட்டது. சோதனையில் இடம்பெறாத கம்பனிகளும் உற்பத்தியில் இறங்கின. பொதுமக்கள் கண்ணுக்கோ எல்லாம் ஒரே ஊசிதான். உற்பத்தி மீதான அரச கண்காணிப்பு அதன் பின்னரே இறுக்கமாக்கப்பட்டது. இலங்கையில் 1993ஆம் ஆண்டுக்குப் பின் போலியோ நோயாளர் எவரும் இனங்காணப்படவில்லை. 2014ஆம் ஆண்டில் தென்கிழக்காசியப் பிராந்தியத்தோடு எமது நாடும் போலியோ அற்றதென உறுதிப்படுத்தப்பட்டது. அதில் வாய்வழிச் சொட்டு மருந்தின் பங்கே பெரிது எனினும், போலியோவைத் தடுப்பூசியால் வெல்லலாம் என்ற நம்பிக்கைக்கு ஆன் ஆர்பர் அறிக்கையே அத்திவாரமிட்டது.

இத்தனை ஆரவாரத்தின் பின்பும் பிரான்சிஸ் இன்புளுவென்சாவுக்கே திரும்பினார். வெவ்வேறு வயதினரின் குருதியைச் சேகரித்து ஆராய்ந்தபோது அவரும் சகாக்களும் வியக்கத்தக்க ஒழுங்கொன்றைக் கண்டிருந்தனர். சிறுபிள்ளைகளின் குருதியில் அண்மைக்கால வைரஸுக்கெதிரான பிறபொருளெதிரிகளே மிகுந்திருந்தன. இளைஞரிடம் 1930களின் வைரஸுக்கெதிரானவை. முதியோரிடமோ 1918ஐ ஒத்த பன்றி வைரஸுக்கெதிரானவை. மனித உடல் தான் வாழ்வில் முதன்முதற் சந்தித்த இன்புளுவென்சாவை மறப்பதேயில்லை. பின்னர் எந்த உருவில் அது வந்தாலும் முதலாவதையே நினைந்து எதிர்வினை புரிகின்றது. 1960ஆம் ஆண்டில் இதனைக் கோட்பாடாக வகுத்த பிரான்சிஸ், போதகரின் மகனுக்கேற்ற விதமாக, கிறிஸ்தவ இறையியலின் ஆதிபாவம் என்ற சொல்லைக் கடன்வாங்கிப் பெயரிட்டார். சைவசித்தாந்தம் கற்றோருக்கு ஆணவ மலம் நினைவுக்கு வரலாம். பிறவிப் பாவத்தை ஏற்காத இஸ்லாமிய வாசகருக்கு இவ்வுவமை அந்நியமாகவும் படலாம். பெயர் எதுவாயினும் பொருள் நிலைத்து விட்டது. பறவைக் காய்ச்சல் வகைகள் எந்த வயதினரைக் கடுமையாகத் தாக்குகின்றன என்பது அவர்கள் 1968க்கு முன் பிறந்தவர்களா பின் பிறந்தவர்களா என்பதைப் பொறுத்தது என 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கொவிட் தடுப்பூசிகள் புதிய திரிபுகளுக்கேற்ப மாற்றப்பட்ட வேளையிலும் இதே விவாதம் மீண்டும் எழுந்தது.

தமது இறுதி ஆண்டுகளில், 1959ஆம் ஆண்டு முதல், மிச்சிகனின் ரெகம்சே என்ற சிறு பட்டினத்தின் மக்களை ஏறத்தாழ முழுமையாகவே ஓர் ஆய்வுக்குட்படுத்தி, இருதய நோய் முதல் தடிமன் வரை எவ்வாறு ஒரு சமூகத்தில் உருவாகின்றன என்று தேடினார். 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி ஆன் ஆர்பரில் அவர் காலமானார்.

அவர் இறந்த அதே 1969இல் எட்வின் கில்போர்ன் என்ற ஆராய்ச்சியாளர், முட்டையில் நன்கு வளராத புதிய வைரஸ்களை, முட்டையிற் செழித்து வளரும் ஒரு பழைய வைரஸுடன் கலந்து தடுப்பூசிக்கான கலப்பினம் உண்டாக்கும் முறையை வெளியிட்டார். அவர் அதற்கெனத் தெரிந்தெடுத்தது, 1934இல் புவேர்ட்டோ றிக்கோவிலிருந்து வந்த பீ.ஆர்.8. ஏ வகைக்கெதிராக முட்டையில் ஆக்கப்படும் தடுப்பூசிகளுக்கான மூலவைரஸ் இன்றும் பெரும்பாலும் அதன் மரபணுக்களைத் தாங்கியே தயாரிக்கப்படுகின்றது.